பழைய ஃபேண்டம் 200: ஆயில் எங்கிருந்து வருகிறது?

என்னுடையது 2002-இல் பதிவான ஹோண்டா ஃபேண்டம் மோட்டார்சைக்கிள். சிங்கப்பூரில் 2பி (200 சிசி வரை ஓட்டும்) உரிமக்காரர்களுக்குப் பழக்கமான வண்டிதான். 197 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு. வேலைக்கும் சரி, ஜோகூருக்கும் சரி, நம்பி எடுக்கலாம். தொல்லை ஒன்றே ஒன்று: ஆயில்.

இந்த வயது என்ஜினில் கசிவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். மேலே டேப்பெட் கவரில் (வால்வுகளை மூடும் மூடி) கசிந்தது, என்ஜினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகள் வழியே இறங்கி, ஓட்டத்தில் காற்று பின்னால் தள்ள, கடைசியில் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் வந்து தொங்கும். ஒரு பட்டறையில் அந்த போல்ட்டின் வாஷரை மாற்றிக் காசு வாங்கினார்கள்; மறுநாளே புளோக் கார்பார்க்கில் அதே கறை. இன்னொரு இடத்தில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போச்சு என்றார்கள். என்ஜினைக் கழுவிக்கூடப் பார்க்காமல் எப்படித் தெரிந்ததோ!

எனக்குக் கைகொடுத்தது முகப் பவுடர். டிகிரீசர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஃபின் இடுக்கெல்லாம் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் மூட்டு மூட்டாகப் பவுடர் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னே இருக்கிறதோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் டேப்பெட் கவரின் இடது மூலையில் நகத்தளவு பழுப்புக் கோடு. உள்ளே இருந்த ரப்பரை வளைத்தால் ஒடிந்தது.

செயினைச் சுழற்றும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் குழப்பும். செயினுக்கு அடிக்கும் மசகான லூப் தெறித்ததும் கறுப்பு, என்ஜின் ஆயிலும் கறுப்பு. விரலில் ஒட்டி இழுத்தால் லூப், வழுக்கினால் ஆயில். ஆயில்தான் என்றால் தள்ளிப்போடாதீர்கள்; பின் டயருக்குப் போய்விடும்.

ஒரே நேரத்தில் பல இடம் வியர்த்தால், கேஸ்கெட் வாங்க ஓடுமுன், என்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் கசியும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான்.

மாற்றிய ரப்பர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. வேறொரு மூட்டில் பட்டறைக்காரர் பூசிய சிலிக்கோன் பேஸ்ட் சில மாதத்தில் உரிந்துவிட்டது. கசிகிறதே என்று போல்ட்டை முறுக்கவும் கூடாது. அலுமினிய மரை தாங்காது.

சிலிண்டர் அடியில் இன்னும் லேசான கசிவு உண்டு. அதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டும். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது என்பதால், அந்தச் செலவு வேண்டாமென்று விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை அளவு பார்த்து, குறைந்தால் ஊற்றிக்கொள்கிறேன்.