ஸ்விஃப்ட் டிக்கிக்குக் கார்பெட் ஒட்டிய பலகைத் தரை: நாலு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர். அதற்கு முந்தைய மாடலில் 204 லிட்டர்தான் இருந்தது என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 268 லிட்டரை வைத்திருக்கிற விதம்தான் படுத்துகிறது. பின்கதவைத் திறந்தால் பம்பருக்கு மேலே உயரமான ஒரு விளிம்பு. அதைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் கீழே இறங்குகிற பள்ளம். கிணறு மாதிரி. தேங்காய் மூட்டையை உள்ளே இறக்குவதுகூடப் பரவாயில்லை, வெளியே தூக்கும்போது முழு எடையும் நடு முதுகில் வந்து நிற்கும். பின்சீட்டை மடக்கினாலும் சீட்டின் முதுகு ஒரு மட்டத்தில், டிக்கித் தரை வேறு மட்டத்தில். நீளமான சாமான் எதுவும் நேராக உட்காராது.

எங்களுக்குக் கோவையில் வீடு, பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. வாராவாரம் ஏதாவது ஏறும், இறங்கும். அதனால் விளிம்பின் உயரத்துக்கே ஒரு பலகைத் தரை போட்டு, கீழே கிடைக்கிற இடத்தைச் சில்லறைச் சாமான் வைக்கும் அறையாக்கி, மேலே கார்பெட் ஒட்டினோம். இது புதிய யோசனை ஒன்றுமில்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் டிக்கித் தரையை மேலே ஒரு உயரத்திலும் கீழே ஒரு உயரத்திலும் மாற்றி வைக்கிற வசதியைக் கம்பெனியே கொடுத்திருந்தது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கடையில் விற்கிற ரப்பர் டிக்கி மேட் வேறு வேலைக்கானது. அது அழுக்கைத் தாங்கும், பள்ளத்தை மேடாக்காது.

பலகைக்கு 12 மி.மீ. ப்ளைவுட். கடையில் '710' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஐ.எஸ். 710 என்பது மெரைன் ப்ளைக்கான இந்தியத் தர எண். 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. டிக்கிக்கு அவ்வளவு எதற்கு என்று கடைக்காரரே கேட்டார். ஈரக் குடை, கோயிலிலிருந்து வரும் தண்ணீர் சொட்டுகிற பூக்கூடை, மழையில் நனைந்த சாக்கு எல்லாம் அங்கேதான் போகின்றன. மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை ஒரு மழைக்காலத்தில் ஓரம் ஊதிவிடும். பி.வி.சி. ஃபோம் போர்டுக்குத் தண்ணீர் பயமில்லை, ஆனால் வெயிலில் நிற்கிற காருக்குள் இளகித் தொய்யும். ப்ளையிலும் தண்ணீர் குடிக்கிற இடம் வெட்டிய ஓரங்கள்தான். எனவே ஓரங்களுக்கு மட்டும் பிரைமர் இரண்டு கை கூடுதலாக அடித்தோம். இத்தனை மழைக்காலம் பார்த்தும் ஓர் ஓரம்கூடப் பிரியவில்லை.

18 மி.மீ. போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று பலர் சொல்வார்கள். இருக்கும். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 12-லிருந்து 18-க்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு கிடைக்கும், எடை ஒன்றரை மடங்காகும். ஆனால் அதே 12 மி.மீ. பலகைக்கு நடுவில் ஒரு தாங்கு கட்டை கொடுத்து, தாங்கலில்லாமல் கிடக்கிற நீளத்தைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு கிடைக்கும். கட்டைக்கு அரைக் கிலோகூட வராது. ஒரு முழு ஆள் மேலே உட்கார்ந்தும் பலகை வளையவில்லை. மூடியை ஒரு கையால் தூக்கவும் முடிகிறது. இந்தத் தரையைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது இந்தத் தூக்குவதைத்தான். அழகு, கார்பெட் நிறம் எல்லாம் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கீழே போக எவ்வளவு சிரமம் என்பது மட்டும் தினமும் தெரியும்.

ஏனென்றால் கீழே ஸ்டெப்னி இருக்கிறது. 165/80 ஆர்14 டயருக்கு மொத்த விட்டம் கிட்டத்தட்ட 62 செ.மீ. 185/65 ஆர்15 போட்ட மாடலுக்கும் கணக்குப் போட்டால் அதே 62-தான் வருகிறது. எனவே நடுவில் 65 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் திறப்பு வேண்டும். இதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். எங்கள் அமைப்பில் இடமும் வலமும் சக்கர வளைவை ஒட்டி இரண்டு குறுகிய பெட்டிகள். நடுவில் ஒரு பெரிய மூடி. அந்த மூடியை நான் பின்சீட் பக்கம் கீல் போட்டு நிறுத்தச் சொன்னேன். ஆசாரி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கீலு போட்டா பாதி தொறந்து அப்படியே நிக்குமுங்க. ஸ்டெப்னிய எப்படி எடுப்பீங்க? சும்மா வெச்சுருவோம், வேணும்னா தூக்கிக்கலாம்" என்றார். கடைசியில் மூடியைத் தளர்வாகவே வைத்து, அதன் நடுவில் மட்டும் பியானோ கீல், அதாவது நீளப் பட்டை மாதிரியான கீல், போட்டுத் தந்தார். தினசரி வேலைக்குப் பின்கதவுப் பக்கத்துப் பாதியை மடக்கினால் போதும். ஸ்டெப்னி வேண்டுமென்றால் முழுசாக எடுத்து வெளியே சாய்த்து வைக்கலாம். நடுத் தாங்கு கட்டையும் ஆணி அடித்ததல்ல. இரு பக்கமும் காடி வெட்டி அதில் இறக்கியிருக்கிறார், மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பழனி போய்த் திரும்பும்போது உடுமலைக்கு இந்தப் பக்கம் பஞ்சர் ஆனது, இருட்டிய பிறகு. மேலே இரண்டு பையும் ஒரு கூடையும் இருந்தன. அவற்றைச் சாலையோரம் வைத்துவிட்டு, மூடி, கட்டை, கம்பெனி கொடுத்த அட்டை என்று வரிசையாக எடுத்து ஸ்டெப்னியை வெளியே கொண்டுவர அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஸ்டெப்னி பள்ளத்துக்குள் இருந்ததால் எல்லாவற்றையும் கிளற வேண்டியிருந்தது. இப்போது அவை இடப்பக்கப் பெட்டியில், ஒரு துணிப்பையில் இருக்கின்றன. டார்ச்சும் அங்கேயே.

பெட்டிகளின் கால்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஸ்டெப்னியை மூடுகிற அட்டை மெல்லியது, அதன் மேல் எடை இறங்கினால் நாளடைவில் குழியும். கால்கள் பள்ளத்தைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்பின் மேல் நிற்க வேண்டும், அடியில் ரப்பர் ஒட்டி. வண்டியில் ஒரு துளையும் போடவில்லை. பின்பக்கம் விளிம்பும் முன்பக்கம் சீட்டின் முதுகும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

அளவெடுக்க ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். சக்கர வளைவுக்கு மட்டும் பழைய ஆசாரி வழி: அட்டையை வளைவுக்கு எதிரே பிடித்து, ஒரு பெரிய வாஷரை வளைவோடு உருட்டிக்கொண்டே அதன் துளையில் பென்சிலை வைத்துப் போனால் வளைவு அப்படியே அட்டையில் இறங்கும். மறந்துவிடக் கூடாத விஷயம், கார்பெட்டுக்கும் தடிமன் உண்டு. ஓரத்தைச் சுற்றி மடித்து ஒட்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு மி.மீ. கூடும். பலகையை ஒவ்வொரு பக்கமும் ஐந்து மி.மீ. குறைத்தே அறுக்கச் சொல்லுங்கள்.

இனி கார்பெட். வீட்டுக்குப் போடுகிற குச்சமுள்ள வகை டிக்கிக்கு ஆகாது. வெட்டிய ஓரம் பிரியும், மூட்டையில் குத்திய ஊசி மாட்டினால் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வரும். ஊசியால் குத்திக் குத்தி நாரைப் பின்னிக்கொள்ளச் செய்கிற நெய்யாத கார்பெட்தான் சரி. பெயர் சொல்லிக் கேட்டால் சில கடைகளில் விழிப்பார்கள். "சப்வூஃபர் பாக்ஸுக்கு ஒட்டுகிற கார்பெட்" என்றால் உடனே எடுத்துப் போடுவார்கள். அது நன்றாக இழுபடும், மூலையில் மடிப்பு விழாமல் வளையும், கத்தியால் வெட்டிய ஓரத்தை அப்படியே விடலாம். பாலிப்ராப்பிலீன் நாராக இருந்தால் தண்ணீரை உறிஞ்சாது, மேலே துடைத்தால் காய்ந்துவிடும். அடர் சாம்பல் எடுத்தோம். கறுப்பில் தூசி பளிச்சென்று தெரியும், எங்கள் ஊர்ச் செம்மண் இன்னும் பளிச்சென்று. தோப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தென்னை நார் விரிப்பை முயன்று பார்க்காமல் விடுவோமா? அதையும் மேலே விரித்துப் பார்த்தோம். மூட்டை வழுக்கவே இல்லை. ஆனால் அது உதிர்க்கிற தூள் பின்சீட் வரை வந்தது, எடுத்துவிட்டோம்.

நாலு வருடத்தில் கார்பெட் எப்படி இருக்கிறது? நடுவில் சாமான் இழுபடுகிற பாதையில் மேல்நார் கொஞ்சம் படிந்து மழுங்கிவிட்டது. விளிம்பை ஒட்டிய ஓரத்தில் பஞ்சு முடிச்சுகள் கிளம்பின, கத்தரித்து விடுகிறேன். எங்கும் கிழியவில்லை. கடலை எண்ணெய் டின் ஒரு முறை கசிந்தது. டால்கம் பவுடரைக் கொட்டி ஓர் இரவு விட்டு, காலையில் உதறிவிட்டு, துணிப் பவுடர் கரைசலில் தேய்த்ததில் பெரும்பாலும் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் தடம் தெரியும். முடியும் நாரும் வேக்குவம் கிளீனருக்கு அசையாது. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் சுருண்டு வந்துவிடும்.

பசைதான் இந்தத் தரையின் பலவீனமான இடம். இரு பக்கமும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துகிற ரப்பர் பசையைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். சமதளத்தில் அது இன்றும் அசையவில்லை. உள்வளைவான இடங்களில், கார்பெட் இழுவிசையோடு இருக்கிற மூலைகளில், மூன்றாவது கோடையில் தூக்கிக்கொண்டது. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும், சாதாரண ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகும். வெப்பம் தாங்கும் வகைப் பசை தனியாகக் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. மூலைகளை அதனால் மறுபடி ஒட்டி, அடிப்பக்கம் இரண்டு அங்குலம் மடித்து ஸ்டேப்ளர் பின்னும் அடித்த பிறகு பிரச்சினை இல்லை. பின் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒட்டியதும் வண்டியில் வைத்துவிட வேண்டாம். பசையின் நெடி போக ஒரு வாரமாவது மொட்டை மாடியில் கிடக்கட்டும், இல்லாவிட்டால் குழந்தைகள் பின்சீட்டில் உட்கார மாட்டார்கள்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் பிளாஸ்டிக் ஓரத்தில் பலகை உரசிக் கீச்சிட்டது. மீந்த கார்பெட்டைப் பட்டையாக வெட்டி உரசும் இடங்களில் ஒட்டியதும் நின்றது. கீழறை காலியாக இருந்தால் மோசமான சாலையில் தும்மென்ற அதிர்வு கேட்கும். இரண்டு பழைய போர்வைகளை உள்ளே போட்டேன், அடங்கியது. பின்சக்கரத்தின் சாலை இரைச்சல் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் அதற்காக யாரும் இதைச் செய்ய வேண்டியதில்லை.

இழந்தது உயரம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை நிற்க வைத்து, டிக்கியை மேலே மறைக்கிற டிரேயை மூட இனி வழியில்லை. பெரிய டிராலி சூட்கேஸ் படுக்கத்தான் வேண்டும். விமான நிலையம் போகிற நாளில் மூடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம், பெட்டிகள் அப்படியே இருக்கும், நடுப்பள்ளம் பழையபடி கிடைக்கும். மொத்த அமைப்பும் ஒன்பது கிலோ அளவில் இருக்கும், மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. பின்சீட்டை மடக்கினால் கிட்டத்தட்ட ஒரே மட்டம், சீட்டின் முதுகு லேசாக ஏறுமுகமாக இருப்பதைத் தவிர. ஏணி, பைப், மடக்குக் கட்டில் எல்லாம் நேராகப் போகின்றன.

செலவு, ஆசாரி கூலியும் சேர்த்து, ஐயாயிரத்துக்குள். அதில் பாதிக்கு மேல் கூலி. சட்டச் சிக்கல் வருமா என்று ஒரு நண்பர் கேட்டார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பேனர் இல்லாமல் கையால் தூக்கி வெளியே வைக்கிற பலகை அந்தக் கணக்கில் வராது என்பது என் புரிதல். கம்பெனிக் கார்பெட் அடியில் அப்படியே பத்திரமாக இருக்கிறது, விற்கும்போது உதவும்.

டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதே அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் அடைக்கக் கூடாது, காற்று போய்வர வேண்டும், வால்வு கைக்கு எட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைக் கழற்றி அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டியும் இருக்கும். சிலிண்டரைத் தொடாமல், அதன் முன்னால் இருக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பலகை போட்டுக்கொள்ளலாம்.