ஐஎஃப்கான்ஃபிக்கா, ஐபி கட்டளையா, நெட்பிளானா?

உசிலம்பட்டியில் ஒரு நெல் மண்டி, அங்கே பில் போடும் லினக்ஸ் சர்வர். அதன் நெட்வொர்க் முகவரியை மாற்ற மதுரையிலிருந்தே எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) உள்ளே போய், பழைய பழக்கத்தில் ஐஎஃப்கான்ஃபிக் (முகவரியைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள பழைய கட்டளை) என்று அடித்து, நெட்வொர்க் கார்டு பெயரையும் புது முகவரியையும் போட்டு என்டர் தட்டினேன், திரை அப்படியே நின்றது. "தம்பி, பில்லு வரலையேப்பா" என்று மண்டிக்காரர் போனில் கூப்பிட்டபோது ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஐஎஃப்கான்ஃபிக் பழைய முகவரியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கும், அதை நம்பியிருந்த டீஃபால்ட் ரூட்டும் (வெளியே போவதற்கான பொது வழி) கூடவே போய்விடும். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறேன். அதற்குப் பதிலாக வந்த புது ஐபி கட்டளையில் 'ஐபி அட்ரஸ் ஆட்' போட்டிருந்தால் பழையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்தில் சேரும், புது முகவரி வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பழையதை நிதானமாக எடுக்கலாம். (இரண்டும் ஒரே சப்நெட், அதாவது ஒரே வலைப்பிரிவு, என்றால் முதலாவதை எடுக்கும்போது மற்றதும் சேர்ந்து போகலாம், லினக்ஸின் மையமான கர்னலில் புரோமோட் செகண்டரிஸ் என்ற அமைப்பு 1 என்று இருந்தால் பயமில்லை.)

அதற்காக ஐபி கட்டளை ரொம்பச் சாது என்று நினைக்க வேண்டாம். முகவரிக்குப் பின்னால் /24 (வலைப்பிரிவின் அளவைச் சொல்லும் எண்) போட மறந்தால் அது /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும், என்று எடுத்துக்கொள்ளும், பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர்கூடத் தெரியாது. ஐஎஃப்கான்ஃபிக் அந்த இடத்தில் முகவரியின் முதல் எண்ணைப் பார்க்கும் பழைய கிளாஸ் கணக்கை வைத்து ஊகிக்கும், 192.168 என்றால் சரியாக வரும், 10 என்று தொடங்கினால் /8 ஆக்கிவிடும். இன்னொரு வம்பு, ஐபி கட்டளையில் லேபிள் என்ற துணைப்பெயர் இல்லாமல் சேர்த்த இரண்டாவது முகவரியை ஐஎஃப்கான்ஃபிக் காட்டவே காட்டாது. இருப்பதை இல்லை என்று சொல்லும் கருவி எனக்கு இனி வேண்டாம். உபுண்டு 18.04 முதல் ஐஎஃப்கான்ஃபிக் அடங்கிய நெட்டூல்ஸ் தொகுப்பு தானாக நிறுவப்பட்டு வருவதுமில்லை.

ரூட் பார்க்க ஐபிக்கு நிகர் கிடையாது. மண்டியில் ஃபைபர் ஒன்று, அது படுத்தால் 4ஜி டாங்கிள். இரண்டு டீஃபால்ட் ரூட், ஃபைபருக்கு மெட்ரிக் 100, டாங்கிளுக்கு 600, குறைந்த எண்தான் ஜெயிக்கும். 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்று அடித்தால் பாக்கெட் எந்த வழியாகக் கிளம்பும் என்று ஒரே வரியில் வந்துவிடும். பழைய ரூட் கட்டளையில் அட்டவணையை நாமே படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் ரீபூட் வரைதான். நிலைத்து நிற்க உபுண்டு சர்வரில் நெட்பிளான் (அமைப்பைக் கோப்பில் எழுதிவைக்கும் கருவி), டெஸ்க்டாப், லேப்டாப்பில் என்எம்சிஎல்ஐ (நெட்வொர்க்மேனேஜரின் கட்டளை). நெட்பிளானின் யாமல் கோப்பில் ஒரு ஸ்பேஸ் தவறினாலும் கத்தும், எரிச்சல்தான். இருந்தாலும் 'நெட்பிளான் டிரை' ஒன்றுக்காக அதை மன்னிக்கலாம்: 120 வினாடிக்குள் நாம் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

நெட்பிளான் இல்லாத சர்வரில், தொடுவதற்கு முன்பே 'ஷட்டவுன்' கட்டளையில் பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி போட்டுவிட்டு, அப்புறம்தான் ஐபி கட்டளைக்குக் கை போகிறது. கோட்டை விட்டாலும் ரீபூட்டில் எல்லாம் மறந்து பழையபடி எழுந்துவிடும், சரியாக வந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டு அதே முகவரியைக் கோப்பில் எழுதிக்கொள்கிறேன்.