போகிமொன் கோவில் ஐவி அறிய: அப்ரைசலா, செயலியா, கைக்கணக்கா?

போகிமொன் கோ விளையாட்டில் பிடிபடும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் தாக்குதல், தற்காப்பு, எச்பி (உயிர்ப்புள்ளி) ஆகிய மூன்றிலும் 0 முதல் 15 வரையான ஓர் எண் மறைவாகச் சேர்க்கப்படுகிறது. விளையாடுபவர்கள் ஐவி என்று சொல்வது இந்த மூன்று எண்களைத்தான். மொத்தம் 4096 சேர்க்கைகள் சாத்தியமாக இருக்க, திரையில் பெரிதாகத் தெரிவதோ ஒட்டுமொத்தப் போர்வலிமையைக் காட்டும் சிபி என்ற ஒற்றை எண் மட்டுமே. ஒரே சிபி பல சேர்க்கைகளுக்குப் பொருந்தும் என்பதால், அதை மட்டும் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அனுப்பிவிடுவது சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பானது. மட்டக்களப்பில் இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் தம்பிமார் பெரும்பாலும் எந்தச் செயலியை இறக்குவது என்றே கேட்கிறார்கள். செயலி தேவைதானா என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும்.

மிகப் பழைய வழி கைக்கணக்கு. ஒவ்வோர் இனத்துக்கும் நிலையான அடிப்படை எண்கள் உண்டு. அவற்றோடு ஐவியைக் கூட்டி, தாக்குதலை அப்படியே எடுத்து, தற்காப்பு, எச்பி ஆகியவற்றின் வர்க்கமூலங்களால் பெருக்கி, அந்த லெவலுக்குரிய பெருக்கெண்ணின் வர்க்கத்தாலும் பெருக்கி, பத்தால் வகுத்துத் தசமத்தை விட்டுவிட்டால் சிபி கிடைக்கும். சாதாரண தரக் கணிதம் இதற்குப் போதுமானது. சிக்கல் லெவலில்தான் இருக்கிறது. அதைத் திரை சொல்வதில்லை, உயிரினத்தை வலுப்படுத்த, அதாவது பவர் அப் செய்ய, விலையாகக் கேட்கப்படும் ஸ்டார்டஸ்ட்டைக் கொண்டு ஊகிக்க வேண்டும். 2500 கேட்டால் லெவல் 19 முதல் 20.5 வரை இருக்கலாம். இந்த ஊகத்துக்குப் பிறகும் பல சேர்க்கைகள் மிஞ்சுவதால், பொதுவான பயன்பாட்டுக்குக் கைக்கணக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் பலர் சேர்ந்து ஒரு வலிய உயிரினத்தை வீழ்த்தும் சாதாரண ரெய்டில் நிலைமை வேறு. அங்கே பிடிப்பதற்குக் கிடைக்கும் உயிரினத்தின் லெவல் 20 என்று முன்பே தெரியும். விளையாட்டு காட்டும் வானிலை அந்த இனத்துக்குத் துணைநின்றால் 25. மூன்று ஐவிகளும் 10க்குக் குறையாது என்பதால் சேர்க்கைகள் 216 ஆகச் சுருங்கிவிடுகின்றன. மியூடூ என்ற உயிரினத்தின் அடிப்படை எண்கள் தாக்குதல் 300, தற்காப்பு 182, எச்பி 214 என்பதையும், லெவல் 20இன் பெருக்கெண் 0.5974 என்பதையும் கொண்டு கணக்கிட்டால், பிடிக்கும் திரையில் தெரியும் சிபி 2294க்கும் 2387க்கும் இடையில்தான் இருக்க முடியும். 2387 என்ற எண் மூன்றும் 15 ஆக உள்ள சேர்க்கைக்கு மட்டுமே வரும். காற்று வீசும் வானிலையில் அதற்கு நிகரான எண் 2984. பந்தை எறிவதற்கு முன்பே இது தெரிந்துவிடுகிறது. விளையாட்டுக்குள்ளேயே உள்ள மதிப்பீட்டு வசதியான அப்ரைசலோ பிடித்த பிறகுதான் வாய் திறக்கும்.

2016 ஓகஸ்டில் அப்ரைசல் அறிமுகமானபோது குழுத் தலைவர்கள் மூடுமந்திரமான வாக்கியங்களைச் சொல்வார்கள். அவற்றிலிருந்து எண்ணைப் பிழிந்தெடுக்கக் கணிப்பான் இல்லாமல் முடியாது. 2019இல் அது மூன்று பட்டைகளாக மாறியது. ஒவ்வொரு பட்டையும் ஐந்தைந்தாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதாலும், 15 நிரம்பினால் நிறமே மாறிவிடுவதாலும், இப்போது ஐவியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 12க்கும் 13க்கும் உள்ள வேறுபாட்டை நண்பகல் வெயிலில், கல்லடிக் கடற்கரையில், கீறல் விழுந்த திரையில் பிரித்தறிவது கடினந்தான்; ஆயினும் நிழலுக்குப் போனால் தீரும் குறை அது.

திரையைப் படிக்கும் செயலிகளில் கால்சி ஐவி, போக்கே ஜீனி ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. இவை விளையாட்டுக் கணக்குக்குள் நுழைவதில்லை. திரையைப் பிடித்த படத்தில் உள்ள எண்களையும் பட்டைகளையும் படித்துக் கணக்கிடுகின்றன. பழைய தொலைபேசியில் விளையாட்டோடு சேர்த்து இதையும் ஓடவிட்டால் இரண்டும் தடுமாறும் என்பதால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டில் ஆறுதலாகப் பார்ப்பது நல்லது. கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் சேவைகள் விதிமீறலானவை, கணக்கு முடக்கப்படும் அபாயம் உடையவை. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே தேவையில்லை.

ஐவியை அறிவதற்கு மட்டுமானால், 2019க்குப் பிறகு செயலி தேவையில்லை என்பதே என் கணிப்பு. ஐவியை மதிப்பிடுவது வேறு வேலை. அதில் அப்ரைசலின் நட்சத்திரங்கள் தவறான வழியைக் காட்டக்கூடும்.

விளையாடுபவர்கள் ஒருவரோடொருவர் மோதும் கிரேட் லீக்கில் சிபி 1500ஐத் தாண்டக் கூடாது. சிபி கணக்கில் தாக்குதல் முழுதாகவும் மற்ற இரண்டும் வர்க்கமூலமாகவும் சேர்வதால், தாக்குதல் குறைந்த உயிரினம் அதே வரம்புக்குள் இன்னும் மேலான லெவலுக்கு ஏறுகிறது. ஸ்வாம்பர்ட் என்ற உயிரினத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றும் 15 ஆக உள்ளது லெவல் 17.5இல் 1487 சிபியுடன் நின்றுவிடும். அதன் தாக்குதல் 124.6, தற்காப்பு 106.2, எச்பி 134. தாக்குதல் 0, மற்ற இரண்டும் 14 ஆக உள்ளதோ லெவல் 19 வரை சென்று 1498 சிபியைத் தொடும். அதன் தாக்குதல் 121.1, தற்காப்பு 110, எச்பி 139. தாக்குதலில் சிறிது இழந்து மற்ற இரண்டிலும் கூடுதலாகப் பெறுகிறது. மேலும் வியப்பு என்னவென்றால், 0, 15, 15 உள்ளது லெவல் 19இல் 1505 ஆகிவிடுவதால் அரை லெவல் கீழேயே தங்கி, 14, 14 உள்ளதற்குப் பின்னால் போய்விடுகிறது. இந்த நுணுக்கத்தை எந்தப் பட்டையும் காட்டாது. கூட்டுத்தொகை 23 முதல் 29 வரை இருந்தால் அப்ரைசல் தருவது ஒற்றை நட்சத்திரம். ஆகவே மொத்தம் 28 பெறும் இந்தச் சிறந்த ஸ்வாம்பர்ட், நட்சத்திரத்தை நம்புபவரின் கையில், ஸ்வாம்பர்ட்டாக வளர்வதற்கு முந்தைய வடிவமான மட்கிப்பாக இருக்கும்போதே கழிக்கப்பட்டுவிடும். தரவரிசை காட்டும் செயலிக்கு உண்மையான வேலை இங்கேதான் உண்டு. அதேவேளை, இருவரும் ஒரே கணத்தில், சக்தி சேர்த்து விடும் சார்ஜ் தாக்குதலைத் தொடுத்தால் தாக்குதல் எண் கூடியதே முந்தும் என்பதால், தரவரிசையின் முதலிடத்தை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. ரெய்டுக்கோ சிபி வரம்பு கிடையாது. அங்கே 15இன் பெறுமதி அப்படியே நிற்கிறது, நட்சத்திரமும் சரியாகவே சொல்கிறது.

செயலியைத் திறப்பதற்கு முன் விளையாட்டின் தேடுபெட்டியைப் பயன்படுத்தினால் பாதி வேலை குறையும். அட்டாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன் 0 இட்டால் தாக்குதல் ஐவி 0 உள்ளவை மட்டும் வரும். 1 என்பது 1 முதல் 5 வரையையும், 3 என்பது 11 முதல் 14 வரையையும், 4 என்பது 15ஐயும் குறிக்கும். தற்காப்புக்கும் எச்பிக்கும் இதே முறைதான். இவ்வாறு வடிகட்டி எஞ்சும் சிலவற்றை மட்டும் செயலியில் பார்த்தால் போதும்.

நம் பகுதிக்குரிய ஒரு குறிப்பும் உண்டு. வானிலைத் துணையுடன் வெளியில் தானாகத் தோன்றிப் பிடிபடுபவற்றின் ஐவி 4க்குக் குறையாது. மாரி காலத்தில், விளையாட்டு மழை என்று காட்டும் நேரங்களில் பிடிக்கும் மட்கிப் நீர் இனம் ஆகையால் இந்த விதிக்குள் அடங்கும். தாக்குதல் 0 உள்ளதை அப்போது எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனால் நண்பருடன் உயிரினங்களை மாற்றிக்கொள்ளும்போது ஐவி புதிதாகக் குலுக்கப்படுகிறது. நட்பு கூடக்கூட அதன் கீழ்வரம்பும் உயரும்: குட் பிரண்ட் நிலை நண்பருடன் 1, பெஸ்ட் பிரண்ட் நிலை நண்பருடன் 5. வழக்கமான மாற்றத்துக்கு இருவரும் அருகருகே இருக்க வேண்டும். எனவே படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வரும் பழைய கூட்டாளியைக் காட்டிலும், காந்திப் பூங்காவில் அன்றுதான் அறிமுகமானவர் கிரேட் லீக் மட்கிப்புக்குப் பொருத்தமானவர். மாற்றம் தற்செயலாக லக்கி (அதிர்ஷ்ட) மாற்றமாகிவிட்டால் மூன்றும் 12க்குக் குறையாமல் வரும். அதை ரெய்டுக்கு வளர்த்துக்கொள்ளலாம்.