மைக்ரோவேவுக்குள் எந்தப் பாத்திரம்? கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக்

நம் வீடுகளில் மைக்ரோவேவ் வந்திறங்கிய அன்றே ஒரு சிக்கல் தெரிந்துவிடும். இருக்கிற பாத்திரமெல்லாம் எவர்சில்வர். டம்ளர், டவரா, தூக்கு, சம்புடம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. நுண்ணலை உலோகத்தைத் துளைத்துப் போகாது, பட்டுத் திரும்பிவிடும். குழம்பும் ஒழுங்காகச் சூடாகாது. விளிம்போ மறந்து விட்ட கரண்டியோ உள்சுவரை நெருங்கினால் பொறி பறக்கும். சரி, வேறு எதில் வைப்பது?

பெரும்பாலோர் கை முதலில் போவது பிளாஸ்டிக் டப்பாவுக்கு. எடை இல்லை, உடையாது, மூடி இருக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும். அதோடு மைக்ரோவேவ் குறியும் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா, பார்சல் டப்பா எல்லாம் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு வந்தவை. கழுவி வைத்துச் சூடாக்குவது சிக்கனம் இல்லை.

ஆனால் குறி இருக்கிற டப்பாவையும் நான் நம்புவது சாதத்துக்கும் இட்லிக்கும் மட்டும்தான். காரணம் நம் தாளிப்பு. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். எண்ணெய்க்கு அந்த வரம்பு கிடையாது. மேலே மிதக்கும் எண்ணெய் அதையும் தாண்டிச் சூடேறும். என்னிடம் ஒரு பழைய டப்பா இருந்தது. வத்தக்குழம்பு நின்ற உயரத்தில் சுற்றிலும் ஆரஞ்சு வளையம். எத்தனை தேய்த்தும் போகவில்லை. நகத்தால் வருடிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று அரித்திருந்தது. அரித்துப் போனது எங்கே போயிருக்கும் என்று யோசித்த அன்றே அது குப்பைக்குப் போனது.

பீங்கான் மாதிரியே மினுக்கும் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தட்டு இன்னொரு ஏமாற்று. கீழே போட்டால் உடையாது என்று சொல்லி விற்பார்கள். அதில் சாப்பிடலாம், சூடாக்கக் கூடாது.

அசல் பீங்கான் காபிக்கும் பாலுக்கும் சரி. தங்கக் கோடு போட்ட கோப்பை மட்டும் வேண்டாம், கோடும் உலோகம்தான். சில கோப்பைகளில் பால் வெதுவெதுப்பாக இருக்கும், காது மட்டும் கையைச் சுடும். மெருகு இல்லாத இடம் வழியாக மண் ஈரம் குடித்திருக்கும். சந்தேகமான கோப்பையைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் சுட்டு, கோப்பை குளிர்ந்திருந்தால் அது தேறிவிட்டது.

குழம்பு, பொரியல், அசைவம் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு. கறை பிடிக்காது, மணம் தங்காது. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் விரிசல் விடுவது அரிது. அதற்காக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உள்ளே வைக்காதீர்கள்; பத்து நிமிடம் வெளியே இருக்கட்டும். கண்ணாடியில் கவனிக்க வேண்டிய ஒரு ஆபத்தும் உண்டு. வழவழப்பான டம்ளரில் தண்ணீரை மட்டும் அதிக நேரம் வைத்தால், குமிழே வராமல் கொதிநிலையைத் தாண்டிவிடும்; காபித்தூளைப் போட்டதும் பொங்கிக் கையில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் குமிழ் வர வழி கிடைக்கும்.

அப்புறம், எந்தப் பாத்திரமானாலும் மூடியை இறுக்காதீர்கள், பாதியில் நிறுத்தி ஒருமுறை கிளறுங்கள். ஓரம் கொதித்து நடு ஜில்லென்று இருப்பது பாத்திரத்தின் குற்றம் இல்லை. நுண்ணலை உணவுக்குள் ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்காது.

ஆபீஸுக்குக் கண்ணாடி டப்பா கனம்தான், மறுக்கவில்லை. நான் சாப்பாட்டை வழக்கம்போல எவர்சில்வர் டப்பாவில்தான் கட்டிக்கொண்டு போகிறேன். மேஜை டிராயரில் ஒரு பீங்கான் தட்டு கிடக்கிறது. அதில் கொட்டிச் சூடாக்கி, அதிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.