சிவப்பைக் காட்டுகிறேன் என்கிற கண்ணாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணாடி மோசமில்லை, அதோடு வந்த விளம்பரம்தான் மோசம். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கென்று ஒரு கூலிங் கிளாஸ் விற்கிறார்களே (லேசாக ஊதா அடிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் சொல்ல முடியாது), அதை ஆன்லைனில் 12,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகையில் வருவது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வாக்கைத்தான் விற்கிறது: உலகத்தை அதன் நிஜ நிறத்தில் பாருங்கள். பெட்டியில் ஒருத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேம்பி அழுகிற படம் வேறு. நான் அழவில்லை.

எனக்கு இது அம்மா வழியில் வந்தது. அம்மாவின் அப்பாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு வந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்பதால் ஆம்பிளைகளுக்குத்தான் அதிகம். விழித்திரையில் நிறத்துக்கென்று மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு அதிகமாகத் துடிக்கும். என் மாதிரி ஆட்களுக்கு நடு வகை கடைசி வகையை ஒட்டி நகர்ந்துவிடுகிறது, அதனால் ரெண்டும் மூளைக்குக் கிட்டத்தட்ட ஒரே சேதியை அனுப்புகின்றன. கண்ணாடி செய்கிற வேலை ஒன்றே ஒன்று, ரெண்டும் மோதிக்கொள்கிற இடத்தில், 580 வட்டாரத்தில், வெளிச்சத்தை வெட்டிவிடுகிறது. மிச்ச வெளிச்சத்தில் வித்தியாசம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான். புதுசாகக் கூம்பு எதுவும் முளைக்காது.

நல்ல வெயிலில் பார்க்க வேண்டும் என்று பத்தமடைக்கு எடுத்துப் போனேன். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு நெய்து வாங்குகிற கோரைப்பாய் ஒன்றை ஒரு அக்கா வாசலில் விரித்துப் போட்டிருந்தார். அதன் கரையை எத்தனையோ கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது எப்போதும் அழுக்குப் பழுப்பில் ஒரே பட்டைதான். கண்ணாடியை மாட்டினேன், பட்டை ரெண்டாகப் பிரிந்தது. எது சிவப்பு எது பச்சை என்று அந்த நிமிஷம் தெரியவில்லை, ரெண்டும் வேறு வேறு என்று மட்டும் தெரிந்தது. அக்கா விரல் வைத்துக் காட்டினார். அப்புறம் அடுத்த பாயில் நானே காட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது.

"இப்பம் செவப்பு எப்படித் தெரியுது தம்பி?" என்று கேட்டார்.

"வேற மாதிரித் தெரியுதுக்கா."

"வேற மாதிரின்னா?"

என்ன சொல்வது? அவர் பார்க்கிற சிவப்பைத்தான் நானும் பார்க்கிறேனா என்று சோதிக்க அவரிடமும் வழியில்லை, என்னிடமும் இல்லை. பெட்டிக்குள் இருந்த நானோமீட்டர் வரைபடத்திலும் இல்லை. இருந்தும் 'நிஜ நிறம்' என்று அச்சடித்து விற்கிறார்கள்.

இந்த இடத்தில் தத்துவக்காரர்கள் ரொம்ப நாளாக அடித்துக்கொள்கிறார்கள். 1982-இல் ஃபிராங்க் ஜாக்சன் என்கிற ஆஸ்திரேலியர் மேரி என்று ஒரு விஞ்ஞானியைக் கற்பனை செய்தார். கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்தவள், நிறத்தைப் பற்றிய இயற்பியல், நரம்பியல் எல்லாம் அத்துப்படி. வெளியே வந்து முதல்முறை சிவப்பைப் பார்க்கும்போது புதுசாக ஏதாவது தெரிந்துகொள்கிறாளா? தெரிந்துகொள்கிறாள் என்றால் பௌதிகத் தகவல் எல்லாம் சேர்ந்தும் முழுக்கணக்கு ஆகவில்லை. டேவிட் லூயிஸ் என்கிற இன்னொரு தத்துவக்காரர் மறுத்தார், அவளுக்குக் கிடைத்தது புதுத் தகவல் இல்லை, அடையாளம் காண்கிற, மனசில் கொண்டுவருகிற திறமைதான் என்றார். ஜாக்சனே பின்னால் கட்சி மாறிவிட்டார். நார்வேயில் க்னுட் நோர்ட்பி என்று பிறவியிலேயே நிறமே தெரியாத பார்வை ஆராய்ச்சியாளர் ஒருவர் நிஜமாகவே இருந்தார், படித்த அறிவியல் எதுவும் நிறம் என்றால் என்ன என்று தனக்குப் புரியவைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

லூயிஸ் சொல்வதில் பாதி சரி. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பழுத்த மிளகாயைப் பொறுக்க எனக்கு இப்போது திறமை வந்துவிட்டது. ஆனால் பத்தமடையில் அந்தத் திறமை வருவதற்கு முன்னாடியே, அக்கா விரல் வைக்கும் முன்னாடியே, பாய் வேற மாதிரி ஆகிவிட்டது. அதை எந்தத் திறமைக் கணக்கில் எழுதுவது?

டால்டன் கதை இன்னும் விசேஷம், அணுக் கொள்கை டால்டனேதான், அவருக்கும் சிவப்பு பச்சை பிரியாது. ஒரு ஜெரேனியப் பூ பகலில் நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தனக்குத் தெரிகிறது என்று 1794-இல் மான்செஸ்டரில் பேசினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்று நம்பினார். 1844-இல் செத்த பிறகு கண்ணை வெட்டிப் பார்த்தால் திரவம் தெளிவாக இருந்தது. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணின் டிஎன்ஏவை 1995-இல் சோதித்து, நடு வகைக் கூம்புக்கான நிறமிதான் அவருக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்தும் காரணத்தைப் பிடித்துவிட்டது அறிவியல், இதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பூ அவருக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் அந்த முடிவில் இல்லை.

சரி, வாங்குகிறவர்களுக்கு. வீட்டு ட்யூப்லைட்டில் பிரயோஜனம் குறைவு. ராத்திரி வண்டி ஓட்டும்போது போடவே போடாதீர்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் பட்டப்பகலிலேயே சிக்னலின் மஞ்சள் விளக்கு எனக்கு மங்கிவிட்டது, கண்ணாடி தின்பது அந்த வட்டாரத்து வெளிச்சத்தைத்தானே. 2018-இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் இந்த வகை ஒன்றைச் சோதித்தவர்களும், சில நிறங்களைப் பிரிக்க உதவுகிறது, வேறு சிலதைக் குழப்பிவிடுகிறது, இயல்பான நிறப் பார்வை வருவதில்லை என்றுதான் சொன்னார்கள். கூம்பு ஒன்று அடியோடு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் காசு தண்டம். ரயில்வே மெடிக்கலுக்குப் போட்டுக்கொண்டு போய் இஷிஹாரா சோதனையில், அதாவது நிறப் பார்வை பார்க்கிற சோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படித்துவிடலாம் என்று நினைத்தால், கழற்றச் சொல்லிவிடுவார்கள். பவர் லென்ஸ் தனிக்காசு. திருப்பித் தர அவகாசம் கொடுக்கிற இடமாகப் பார்த்து வாங்குங்கள், வெயில் காலத்தில் வாங்குங்கள். ஐந்துக்கு மூன்று. 'நிஜ நிறம்' என்கிற வரியைப் பெட்டியில் இருந்து எடுத்தால் நாலு போடுவேன்.