நன்கொடையா, வரியா, கட்டணமா? பொதுத் தொலைக்காட்சிக்கு எந்தப் பணம் நல்லது

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மசோதாவை மயிரிழையில் நிறைவேற்றியது. செனட்டில் 51க்கு 48, பிரதிநிதிகள் சபையில் 216க்கு 213. பொது ஒளிபரப்புக்கென அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே 1967ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியிருந்த பொது ஒளிபரப்புக் கழகம், ஆகஸ்டு முதல் நாளே கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது.

பார்க்கிறவர்கள் பணம் கொடுத்துக்கொள்ளட்டும், பார்க்காதவன் வரியை ஏன் தொட வேண்டும் என்று மசோதாவை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் நன்கொடையும் வரிப்பணமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்று போனால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்பிவிடும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நான் மறுப்பது அதைத்தான்.

நன்கொடையிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், ஒரே நிறுவனமாக இயங்கும் அலைவரிசை அல்ல. சுமார் 330 உள்ளூர் நிலையங்கள் அதன் உறுப்பினர்கள். மத்திய அரசின் பங்கு, மொத்தமாகப் பார்த்தால், அதன் வருவாயில் 15 விழுக்காட்டுக்கு அருகில்தான் இருந்தது. எஞ்சியதில் பெரும்பகுதியை நேயர்களும் அறக்கட்டளைகளும் மாநில அரசுகளும் பல்கலைக்கழகங்களும் கொடுக்கின்றன. மாதம் ஐந்து டாலர் கொடுக்கும் நேயருக்குப் பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் வசதி கிடைக்கிறது. யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நிலையம் தடம் மாறினால் நேயர் கையை மூடிக்கொள்ளலாம். இதைவிடக் கௌரவமான வருமானம் ஊடகத்துக்கு வேறு இல்லை என்றே தோன்றும்.

ஆனால் நிதி திரட்டும் வாரங்களில் அந்த அலைவரிசைகளைப் பார்த்தால் இன்னொரு முகம் தெரியும். வழக்கமான செய்தி ஆய்வும் ஆவணப்படமும் ஓரமாக ஒதுங்கிவிடும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பாடகர்களின் மறுசந்திப்புக் கச்சேரி வரும். மூளையைக் கூர்மையாக்குவது, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெருக்குவது என்று அறிவுரை சொல்லும் வல்லுநர்கள் வருவார்கள். நடுநடுவே துணிப்பையையும் தேநீர்க் கோப்பையையும் காட்டி உறுப்பினராகச் சேருங்கள் என்பார்கள். பணம் கொடுக்கும் வயதினருக்கு எது பிடிக்குமோ அதுதான் அந்த வாரங்களில் ஓடுகிறது. விளம்பரதாரர் நிகழ்ச்சியை வளைப்பார் என்றுதானே விளம்பரமே வேண்டாம் என்று விலகினார்கள்? நன்கொடையாளரும் வளைக்கிறார், கொஞ்சம் மரியாதையாக.

பெரிய நன்கொடையாளர் இன்னும் கொஞ்சம் அதிகமாக வளைப்பார். 2012இல், நியூயார்க்கின் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிக்கும் பெருஞ்செல்வந்தர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அவர்களில் ஒருவரான தொழிலதிபர் டேவிட் கோக், அந்நகரின் டபிள்யூஎன்இடி நிலையத்தின் அறங்காவலர்களில் ஒருவர். படம் வெளியாகும் முன்பே நிலையத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லி, மறுப்புக்கு இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டு கோக் அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அமைச்சரின் தொலைபேசிக்கு அஞ்சும் ஆசிரியரை நமக்கு நன்றாகத் தெரியும். இவரும் அவருக்கு உறவுக்காரர்தான்.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது நிலவியல். ஒளிபரப்புக் கோபுரத்தை நிறுத்த ஆகும் செலவு, அதன் நிழலில் பத்து லட்சம் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ வரிப்பணம் நின்றால் செல்வந்தர்களின் வாசலைத் தட்டலாம். அலாஸ்காவின் பெத்தலில் எந்த வாசலைத் தட்டுவது? சாலையே போகாத ஊர் அது. விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். சுற்றியுள்ள யூப்பிக் என்ற பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்கு அவர்கள் மொழியிலேயே செய்தி தரும் கேஒய்யூகே நிலையத்தின் வருவாயில் பாதிக்கு மேல் மத்திய அரசுப் பணமாக இருந்தது. 15 விழுக்காடு என்ற சராசரி இப்படிப்பட்ட ஊர்களை மறைத்துவிடுகிறது. அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்கௌஸ்கி தன் கட்சியையே எதிர்த்து வாக்களித்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்படியானால் வரிப்பணம்? மலிவு என்பது அதன் முதல் சிறப்பு. கழகத்துக்குக் கடைசி ஆண்டுகளில் கிடைத்தது ஆண்டுக்கு 53.5 கோடி டாலர், தலைக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர். அதில் பெரும்பங்கு உள்ளூர் நிலையங்களுக்கே போனது. ஆனால் ஆண்டுதோறும் அவையில் கை நீட்டிப் பெறும் பணத்துக்குக் கயிறு உண்டு. 1967இல், பொதுத் தொலைக்காட்சி பற்றி ஆராய்ந்த கார்னகி ஆணையம், தொலைக்காட்சிப் பெட்டி விற்பனையின் மீது தனி வரி போட்டு அதை அரசியல்வாதிகள் தொட முடியாத நிதியமாக வைக்கச் சொன்னது. நாடாளுமன்றம் ஆணையத்தின் மற்ற யோசனைகளில் பலவற்றை ஏற்று, இதை விட்டுவிட்டது. இந்த விவகாரத்தின் மூலக் கோளாறு அதுதான் என்பது என் துணிபு. 1969இல் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ் செனட் குழுவின் முன் அமர்ந்து, இரண்டு கோடி டாலருக்காகக் கனிவாகப் பேசி மனம் கரைத்தார் என்று இன்றும் நெகிழ்ந்து சொல்கிறார்கள். எனக்கு நெகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் வருகிறது. ஒரு நாட்டின் குழந்தைகள் தொலைக்காட்சி, ஒரு மனிதரின் குரல் இனிமையை நம்பி இருக்கலாமா? மூன்றே ஆண்டுகளில் அதிபர் நிக்சன் பொது ஒளிபரப்பின் நிதி மசோதாவை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். அதன் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே பணம் ஒதுக்கிவைக்கும் முறையைக் கேடயமாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கேடயம் என்ன தடுத்தது என்பதை 2025 காட்டிவிட்டது.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் இல்லாமல் இல்லை. பொது ஊடகம் இடதுபக்கம் சாய்கிறது என்று நம்பும் ஒருவரின் வரியை எடுத்து அதே ஊடகத்துக்குக் கொடுப்பது அவருக்கு அவமதிப்பாகத்தான் இருக்கும். செய்தி ஆசிரியர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால், சந்தையில் எல்லாம் கிடைக்கும்போது அரசு எதற்கு என்ற அடுத்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. பொதுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் நிகழ்ச்சியான செசமி ஸ்ட்ரீட் 1969இல் தொடங்கியபோது, வசதியற்ற வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வது அதன் நோக்கமாக இருந்தது. 2015இல் சந்தா அலைவரிசையான எச்பிஓவுடன் ஒப்பந்தம் ஆனது. அதன்படி, சந்தா கட்டும் வீட்டுக் குழந்தைகள் புது அத்தியாயங்களை முதலில் பார்த்தார்கள். பிபிஎஸ் பார்க்கும் குழந்தைகள் ஒன்பது மாதம் காத்திருந்தார்கள். பிறகு எச்பிஓ புது அத்தியாயங்கள் போதும் என்று விலகியது. 2025இல் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் காசில்லாமல் பார்க்க பிபிஎஸ்தான் கடைசிவரை இருந்தது.

வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நேராகப் பணம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். இந்தியாவில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் அது கைவிடப்பட்டது. பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. தன்னாட்சி என்பது சட்டத்தில் உள்ளது. சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. தூர்தர்ஷன் செய்தியில் அரசை உலுக்கும் ஒரு புலனாய்வை எப்போது பார்த்தோம் என்று யோசித்தால் மற்றது விளங்கும்.

மூன்றாவது வழி பிரிட்டனின் உரிமக் கட்டணம். 2025 ஏப்ரலில் அது வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆயிற்று. பிபிசிக்கென்றே வசூலாகும் பணம். பிபிசியை நடத்த அனுமதிக்கும் சாசனம் பத்தாண்டு அளவில் நீள்வதால் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் நடுங்க வேண்டியதில்லை. இருந்தும் அரசு கை வைக்காமல் இல்லை: 2010இல் கட்டணத்தை உறையவைத்ததோடு உலக சேவையின் செலவையும் பிபிசியின் தலையில் கட்டினார்கள். (1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசைக்கு அந்த மாற்றம் வரும்வரை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. 2014 முதல் லீட்ஸிலும் கார்டிஃபிலும் உள்ள குடும்பங்களின் பணத்தில்தான் அந்தச் செய்தி யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் வந்தது.) இந்த முறையின் அசிங்கம் வசூலில் இருக்கிறது. கட்டணம் செலுத்தாமல் நேரலை பார்ப்பது குற்றவியல் வழக்கு. ஆயிரம் பவுண்டு வரை அபராதம். தண்டிக்கப்படுவோரில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆய்வாளர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான் என்பது ஒரு காரணம். ஏழைக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே தொகை என்பது இன்னொரு குறை. இணையத்தில் மட்டும் படம் பார்க்கும் இளைஞர்கள் மெல்ல விலகுகிறார்கள். 2027 இறுதியில் சாசனம் முடிகிறது.

ஜெர்மனி பெட்டியை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டது. 2013 முதல், தொலைக்காட்சி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பமும் கட்ட வேண்டும். 2021இல் அது மாதம் 18.36 யூரோ ஆயிற்று. வறியவர்களுக்கு விலக்கு உண்டு. எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்பது 16 வல்லுநர்கள் கொண்ட தனி ஆணையம். ஹிட்லர் காலத்து வானொலியை அனுபவித்த நாடு என்பதால் அரசின் கையை எட்டத்தில் வைப்பதில் அவர்களுக்கு அக்கறை அதிகம். 2020இல் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் மட்டும் கட்டண உயர்வை முடக்கப் பார்த்தது. 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் குறுக்கிட்டு உயர்வை அமல்படுத்தியது. பெத்தலின் நிலையத்துக்கு இப்படியொரு நீதிமன்றம் இல்லை. உறுதியான வருமானம் சொகுசையும் வளர்க்கும் என்பதை பெர்லின் நிலையமான ஆர்பிபி காட்டியது: செலவுக் குற்றச்சாட்டுகளால் அதன் இயக்குநர் 2022இல் நீக்கப்பட்டார். அது கணக்குத் தணிக்கையைக் கூட்டுவதற்கான காரணமே தவிர, கட்டணத்தை ஒழிப்பதற்கானது அல்ல.

அருகருகே வைத்துப் பார்த்தபின் என் தேர்வு ஜெர்மன் முறைதான், விலை அதிகமானாலும். அமெரிக்காவில் அது நாளையே நடக்கப்போவதில்லை. வீட்டுக்கு வீடு கட்டணம் என்ற பேச்சை எடுத்த அரசியல்வாதி அங்கே மறுதேர்தலில் நிற்க முடியாது. ஆகவே இப்போதைக்கு அவர்களுக்கு மிச்சம் இருப்பது நன்கொடை. மத்திய உதவி நின்றபின் முதன்முறையாகப் பணம் அனுப்பியவர்கள் நிறையப் பேர். அது உண்மையான அன்பு. ஆனால் வெட்டின் முழு ஆழத்தை அது மூடவில்லை. பிபிஎஸ் தன் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்க வேண்டியதாயிற்று.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் பிள்ளைகளை பிபிஎஸ் பார்க்கவைத்து வளர்த்தவர்கள். பணம் அனுப்பலாமா என்று அவர்கள் கேட்டால், அனுப்புங்கள் என்பேன். பழக்கத்தில் பெருநகர நிலையத்துக்கே மொத்தத்தையும் அனுப்பிவிடாமல், பாதியையாவது அலாஸ்காவிலோ தெற்கு டகோட்டாவிலோ உள்ள சிறு நிலையத்துக்கு எழுதுங்கள். துணிப்பை வராமல் போகலாம். கூடவே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமும் அனுப்புங்கள்; கார்னகி ஆணையத்தின் அந்த விற்பனை வரி யோசனையை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லி.