‘டாப் 10 ஆன்ட்டி ஸ்பைவேர்’ பட்டியலை நம்பி 1,899 ரூபாய் விட்டேன்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்ட்டி ஸ்பைவேர் (நமக்குத் தெரியாமல் உள்ளே இருந்து வேவு பார்க்கும் புரோகிராம்களைப் பிடிப்பது) நல்லது என்று யாராவது தேடிக்கொண்டிருந்தால், கார்டு நம்பரைப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஜூன் மாதம் நானும் இதே தேடலில்தான் இறங்கினேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். திடீரென்று ஒருநாள் திரையின் வலது மூலையில், மணி காட்டும் இடத்துக்கு மேலே, சிவப்பாக ஒரு பெட்டி வர ஆரம்பித்தது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள், உடனே நீக்கவும்’ என்று ஆங்கிலத்தில். மூடினால் இரண்டு நிமிடத்தில் அடுத்தது. ஏற்கெனவே ஆமை வேகத்தில் ஓடுகிற மெஷின் வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஸ்பைவேர்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வாங்கும் எதையும் நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிற ஆள் நான். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒப்பீட்டுப் பக்கங்கள் ஐந்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட்டு எழுதினேன். மூன்றில் ஒரே புரோகிராம் முதலிடம். 10-க்கு 9.8 மதிப்பெண், அதற்கு நேராக எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டர் கடைசி வரிசையில், ‘அடிப்படைப் பாதுகாப்பு மட்டும்’ என்ற குறிப்போடு. மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று பக்கத்தின் அடியிலும் வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், ‘எங்கள் இணைப்பு வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கலாம்’ என்று இருந்ததை ஏமாந்த பிறகுதான் படித்தேன்.

டவுன்லோட் இலவசம், ஸ்கேனும் இலவசம். மூன்று நிமிடத்தில் முடிந்தது. எண் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடி, 1,347-இல் வந்து நின்றது. எல்லாம் சிவப்பு. நீக்க வேண்டுமானால் வருடத்துக்கு 1,899 ரூபாய். அன்று இரவு வரைக்கும் 60 சதவீதம் தள்ளுபடியாம், கீழே கடிகாரம் வேறு ஓடுகிறது. கட்டிவிட்டேன்.

அந்த 1,347 என்னவென்று அப்போதே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். பெரும்பகுதி குக்கீ. நாம் போய்வரும் ஒவ்வொரு தளமும் பிரவுசரில் விட்டுவைக்கும் துண்டுச் சீட்டு அது. விளம்பரக்காரன் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள உதவும், மற்றபடி புரோகிராமே கிடையாது, அதனால் தானாக எதையும் ஓட்ட முடியாது. மிச்சம் ‘ரெஜிஸ்ட்ரி பிழை’: எப்போதோ நீக்கிய பிரிண்டரின் பெயர் இன்னும் விண்டோஸ் பதிவேட்டில் இருக்கிற மாதிரி சமாசாரம். ஸ்பைவேர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு ஃபைல்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

பணம் கட்டியதும் இரண்டு காரியம் நடந்தது. ‘டிஃபெண்டர் எங்கள் புரோகிராமோடு மோதுகிறது, அணைத்துவிடுங்கள்’ என்று ஒரு பெட்டி வந்தது. அணைத்தேன். வீட்டில் இருந்த ஒரே காவல்காரனை நானே அனுப்பிவைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்புறம், ‘மீதமுள்ள 12 ஆபத்துகளை எங்கள் இன்ஜினியர் மட்டுமே நீக்க முடியும்’ என்று ஓர் இலவச எண்.

போன் எடுத்தவர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். ரிமோட் புரோகிராம் ஒன்றைப் போடச் சொல்லி உள்ளே வந்தார். ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டி, “சார், இந்த ரெட் மார்க் எல்லாம் பாக்குறீங்கல்ல? ஒவ்வொண்ணும் ஒரு அட்டாக் சார்” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று வருட ‘நெட்வொர்க் செக்யூரிட்டி’க்கு 11,999 ரூபாய் என்றார். நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொன்னார், கம்ப்யூட்டர் இன்னும் அவர் கையில் இருக்கும்போதே. திறக்கப் போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து, “அவன் எதுக்குங்க நம்ம பேங்க் பக்கத்தைப் பாக்கணும்?” என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் ரவுட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

அன்றே அவள் போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டையும் ஈமெயில் பாஸ்வேர்டையும் மாற்றினோம். மறுநாள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “அண்ணே, இது வைரஸே இல்லண்ணே” என்றார். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே பெயர் தெரியாத ஒரு தளம் ‘அலவ்’ வரிசையில் உட்கார்ந்திருந்தது. மகள் பழைய வினாத்தாள் தேடிப் போன இடத்தில், ‘பிடிஎஃப் வேண்டுமானால் அலவ் அழுத்துங்கள்’ என்றிருக்கிறார்கள், அழுத்தியிருக்கிறாள். அந்த அனுமதியை வைத்துத்தான் அவர்கள் மூலையில் சிவப்புப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை நீக்கினார். நின்றுவிட்டது. ஒரு நிமிட வேலை.

ஈவென்ட் வியூவரைப் பற்றிக் கேட்டேன். கடையில் இருந்த வேறொரு மெஷினில் திறந்து காட்டினார், அங்கேயும் சிவப்பு. விண்டோஸ் தன் தினப்படித் தடுமாற்றங்களை எழுதிவைக்கும் டைரி அது, எந்த மெஷினில் திறந்தாலும் இப்படித்தான் இருக்குமாம். அதோடு விடவில்லை. டெஸ்டுக்கு என்று வைத்திருந்த மெஷினில் அன்று காலைதான் விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தார். அதில் நான் வாங்கிய புரோகிராமைப் போட்டு ஓட்டினார். 418 பிரச்சினைகள்! பிறந்து நாலு மணி நேரம் ஆன குழந்தைக்கு மூட்டுவலி என்கிற மாதிரி.

இது புதிய வித்தையும் இல்லை. 2000-களில் வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் என்றெல்லாம் போலி ஸ்கேன் காட்டிப் பணம் பறித்த கூட்டத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது, 2012-இல் 16.3 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் இதே மாதிரிப் புகாரில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. (நான் ஏமாந்தது இவர்களிடம் இல்லை, வேறு ஆள்.) நிஜ ஆன்ட்டிவைரஸ் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை: தன் பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்றதற்காக அவாஸ்ட் மீது அதே ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் விதித்தது.

தனியாக ‘ஆன்ட்டி ஸ்பைவேர்’ என்று ஒரு சாமான் இன்று அனேகமாகத் தேவையே இல்லை என்பதும் கடைத் தம்பி சொல்லித்தான் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் விளம்பரப் புரோகிராம்களைக் கண்டுகொள்ளாமல் விட்டபோது, ஸ்பைபாட், ஆட்-அவேர் போன்றவை அந்த இடத்தைப் பிடித்தன. மைக்ரோசாஃப்டே 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு கம்பெனியை வாங்கி, அதன் ஆன்ட்டி ஸ்பைவேரைத்தான் டிஃபெண்டராக மாற்றியது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அது முழு ஆன்ட்டிவைரஸ் ஆகிவிட்டது. இப்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள். கமிஷன் பக்கம் கடைசி வரிசையில் தள்ளிய அந்த டிஃபெண்டர், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனையில் 18-க்கு 18 பல சுற்றுகளில் வாங்கியிருக்கிறது. ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அந்த ஆய்வகத்தின் அட்டவணையையோ, ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அட்டவணையையோ பாருங்கள். என் முதலிடப் புரோகிராமை இரண்டிலும் தேடினேன், பெயரே இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் செய்ய வேண்டியதற்குக் காசு ஆகாது. டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. மெஷினை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்னாலேயே தேடும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நாம் ஓட்டும்போது மட்டும் தேடும், எந்நேரமும் காவல் இருக்காது, இரண்டாவது கருத்துக்கு அது போதும். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் விளம்பரக் குப்பைக்கு அவர்களுடைய ஆட்வ்கிளீனர். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் தயாரித்தவரின் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலின் உச்சியில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள்.

பணம்? ‘30 நாளில் திருப்பித் தருவோம்’ என்ற வாக்கை நம்பி நாலு மெயில் போட்டேன். முதலில் காரணம் கேட்டார்கள், பிறகு பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள், அதற்கும் சரி என்றேன், அதோடு மௌனம். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன், நுகர்வோர் உதவி எண் 1915-இலும் சொன்னேன். இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. வாங்கும்போது அடுத்த வருடப் புதுப்பிப்புக்கும் சேர்த்து டிக் விழுந்திருக்கிறது. பேங்க் தளத்தில் கார்டு மேண்டேட் (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் தந்த அனுமதி) பக்கத்துக்குப் போய் அதை ரத்து செய்தேன். உங்கள் கார்டிலும் இப்படி என்னென்ன ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.

மெஷின் ஆமை வேகத்தில் ஓடியதற்குக் காரணம் கிழட்டு ஹார்ட் டிஸ்க். தம்பி அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார். பழைய டிஸ்க், தினத்தாளில் சுற்றி, பீரோ இழுப்பறையில் கிடக்கிறது. நேற்றுக் காலை அந்தக் கம்பெனியிலிருந்து மெயில்: ‘இன்றைய ஸ்கேனில் உங்கள் கம்ப்யூட்டரில் 1,412 ஆபத்துகள் கண்டறியப்பட்டன.’